கிரீன் பேயில் ஏப்ரல் மாதத்துச் சண்டை

2025 ஏப்ரல் கடைசி வாரம், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள கிரீன் பே என்ற ஊருக்கு மூன்று நாளில் 6 லட்சம் பேர் வந்து போனதாகக் கணக்குச் சொன்னார்கள். ஊரில் குடியிருப்பவர்கள் 1 லட்சத்து 7 ஆயிரம் பேர்தான். ஆட்டம் எதுவும் நடக்கவில்லை. மேடையேறும் ஒருவர் கையில் உள்ள அட்டையைப் பார்த்து ஒரு கல்லூரிப் பையனின் பெயரை வாசிப்பார், கூட்டம் கத்தும். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு பெயர். மூன்று நாளும் இதேதான், மொத்தம் 257 பெயர்கள். இதைப் பார்க்கத்தான் பச்சையும் மஞ்சளும் உடுத்தி, தலையில் பாலாடைக்கட்டித் துண்டு போன்ற முக்கோணத் தொப்பியை மாட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாக வந்தார்கள்.

நான் கரூருக்குப் பக்கத்தில் புகளூரில் காகிதத் தொழில் கற்றவன். இப்போது கிரீன் பேக்குத் தெற்கே, ஃபாக்ஸ் ஆற்றங்கரையில் ஒரு காகித ஆலையில் பொறியாளராக இருக்கிறேன். ஆலையின் இடைவேளை அறையில் வருடம் முழுக்க ஒரே பேச்சு, பேக்கர்ஸ் அணி. ஆட்டம் நடக்கும் செப்டம்பர் முதல் ஜனவரி வரை பேசுவதில் வியப்பில்லை. ஆட்டமே இல்லாத ஏப்ரலில்தான் குரல்கள் உச்சத்துக்குப் போகும். இரண்டு பேர் முகம் கொடுத்துப் பேசாமல் ஒரு வாரம் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். காரணம், இன்னும் ஒரு ஆட்டம்கூட ஆடாத ஒரு 21 வயதுப் பையன்.

கரூரில் இருக்கும் என் மச்சானுக்கு ஐபிஎல் ஏலம் மனப்பாடம். போனில் இதைச் சொன்னபோது அவர் கேட்டார்: “ஏலமே இல்லாம எப்படிங்க மாப்ள ஆள் எடுப்பாங்க?”

எடுக்கலாம். ஏலத்தில் பணம் பேசும், இங்கே வரிசை பேசும். முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் இந்த அமெரிக்கக் கால்பந்துக்கு என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக் இருக்கிறது, அதில் 32 அணிகள். கல்லூரி ஆட்டத்தை முடித்து வரும் வீரர்களை ஏழு சுற்றுகளாக இந்த அணிகள் எடுத்துக்கொள்கின்றன. போன வருடம் படுமோசமாகத் தோற்ற அணிக்கு முதல் இடம், கோப்பை வென்ற அணிக்குச் சுற்றின் கடைசி இடம். இதுதான் டிராஃப்ட்.

“அப்ப தோத்தாத்தான் லாபமுங்களா?”

ஒருவகையில் ஆமாம். பணமுள்ள அணிகளே நல்ல வீரர்களை எல்லாம் வளைத்துப் போடுவதைப் பார்த்து நொந்துபோன பிலடெல்பியா அணியின் உரிமையாளர் பெர்ட் பெல் கொடுத்த யோசனை இது. 1936இல் முதல் டிராஃப்ட் நடந்தது. அன்று முதல் ஆளாகத் தேர்வான ஜே பெர்வாங்கர் இந்த லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. டிராஃப்டை நம்பலாமா என்ற கேள்விக்கு முதல் வருடமே பதில் கிடைத்துவிட்டது என்பேன்.

பணம் பேசாது என்று சொன்னாலும், பணக்கணக்கு உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. 2010இல் முதல் ஆளாகத் தேர்வான சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு வருடத்துக்கு 7.8 கோடி டாலர் ஒப்பந்தம். மறு வருடம் விதியை மாற்றினார்கள். 2011இன் முதல் ஆள் கேம் நியூட்டனுக்கு நான்கு வருடத்துக்கு 2.2 கோடிதான். ஒவ்வொரு அணியும் சம்பளத்துக்கு இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்ற உச்சவரம்பும் உண்டு. ஆகவே திறமையான இளைஞன் ஒருவன் குறைந்த சம்பளத்தில் நான்கு வருடம் கிடைப்பது பெரிய சொத்து. இந்த இடங்களை அணிகள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். எந்த இடம் எந்த இடத்துக்கு ஈடு என்று பார்க்க, டல்லாஸ் கவ்பாய்ஸ் அணிக்கு ஜிம்மி ஜான்சன் பயிற்சியாளராக இருந்த காலத்தில் போட்ட ஒரு அட்டவணை இருக்கிறது. முதல் இடத்துக்கு 3000 புள்ளிகள், பிறகு இறங்குமுகம். எங்கள் ஆலையில் இதை அச்செடுத்து அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருப்பவர்கள் உண்டு.

அப்படி ஒட்டி வைத்திருப்பவர்களில் ஒருவர் எங்கள் மூத்த மெஷின் ஆபரேட்டர். அவர் வெறும் ரசிகர் அல்ல, அணியின் பங்குதாரர். மற்ற 31 அணிகளையும் கோடீஸ்வரர்களோ அவர்கள் குடும்பங்களோ வைத்திருக்க, 1919இல் தொடங்கிய கிரீன் பே பேக்கர்ஸ் மட்டும் 1923 முதல் பொதுமக்களுக்குச் சொந்தம். 5 லட்சத்து 38 ஆயிரத்துக்கும் அதிகமான பங்குதாரர்கள். அவர் 1997இல் 200 டாலர் கொடுத்து ஒரு பங்கு வாங்கி, சான்றிதழைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார். அந்தப் பங்குக்கு லாபத்தொகை கிடையாது. விலை ஏறாது, சந்தையில் விற்கவும் முடியாது. இயக்குநர் குழுவுக்கு ஓட்டுப் போடலாம், ஜூலையில் லாம்போ மைதானத்தில் நடக்கும் ஆண்டுக் கூட்டத்துக்குப் போய் உட்காரலாம். யாரை எடுப்பது என்பதைப் பொது மேலாளர் முடிவு செய்வார். ஆக, 200 டாலருக்கு அவருக்குக் கிடைத்தது வாதாடும் உரிமை ஒன்றுதான், அதைக் கொஞ்சமும் வீணாக்குவதில்லை.

கிரீன் பேயின் பெரிய சண்டை 2020இல் நடந்தது. முந்தைய பருவத்தில் அணி 13 ஆட்டம் வென்று, இறுதிப் போட்டியான சூப்பர் பவுலுக்கு ஒரு படி முன்னால் சான் பிரான்சிஸ்கோவிடம் தோற்றிருந்தது. குவார்ட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸுக்கு வயது 36. குவார்ட்டர்பேக் என்பவர் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர், ஓடிப்போய் அதைப் பிடிப்பவர் வைட் ரிசீவர். ராட்ஜர்ஸுக்கு ஒரு நல்ல ரிசீவரைக் கொடுத்தால் கோப்பை வரும் என்று விஸ்கான்சினே நம்பியது. பொது மேலாளர் பிரையன் குட்டகுன்ஸ்ட், 30ஆம் இடத்தோடு ஒரு நான்காம் சுற்று இடத்தையும் சேர்த்துக் கொடுத்து, 26ஆம் இடத்துக்கு ஏறினார். ஏறிப்போய் அவர் எடுத்தது இன்னொரு குவார்ட்டர்பேக்கை, யூட்டா ஸ்டேட் கல்லூரியின் ஜோர்டன் லவ். டீ ஹிக்கின்ஸ், மைக்கேல் பிட்மன் என்ற இரண்டு ரிசீவர்கள் அப்போது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார்கள். 33, 34ஆம் இடங்களில் வேறு அணிகள் அவர்களை எடுத்துக்கொண்டன.

ஆபரேட்டர் அன்று சொன்னதன் நாகரிகமான வடிவம் இது: “வீட்டில் கூரை ஒழுகும்போது எவனாவது கார் நிறுத்த ஷெட் கட்டுவானா?”

அவருக்குப் பதில் சொன்னவர்கள் 2005ஐ நினைவுபடுத்தினார்கள். அன்று குவார்ட்டர்பேக் பிரெட் ஃபாவ்ர் கிரீன் பேயின் குலதெய்வம். முதல் ஆளாகப் போவான் என்று பேசப்பட்ட ஒரு கலிஃபோர்னியா இளைஞன், நான்கு மணி நேரத்துக்கும் மேலாகத் தொலைக்காட்சிக் கேமராக்களுக்கு முன்னால் தொங்கிய முகத்தோடு உட்கார்ந்திருந்தான். 24ஆம் இடத்தில் கிரீன் பே அவனை எடுத்தது. ஃபாவ்ர் இருக்கும்போது இவன் எதற்கு என்று அன்றும் இதே கத்தல். மூன்று வருடம் அவன் ஓரத்தில் நின்றான். 2008 மார்ச்சில் ஃபாவ்ர் கண்ணீரோடு ஓய்வை அறிவித்து, கோடையில் மனம் மாறித் திரும்பினார். அணி அவரை நியூயார்க் ஜெட்ஸுக்கு அனுப்பியது. அந்த வருடப் பயிற்சி முகாமில் அந்த இளைஞனைப் பார்த்து ஊளையிட்டவர்கள் உண்டு. அவன்தான் ஆரன் ராட்ஜர்ஸ். 2011 பிப்ரவரியில் பிட்ஸ்பர்க்கை 31-25 என்று வென்று கோப்பையைக் கொண்டு வந்தார். லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருது நான்கு முறை. அதில் இரண்டு, லவ்வை எடுத்த பிறகு 2020, 2021இல் வாங்கியவை. கோபம் மனிதனை என்னவெல்லாம் செய்யவைக்கிறது!

2023இல் ராட்ஜர்ஸும் அதே ஜெட்ஸுக்குப் போனார். லவ் பொறுப்பேற்ற முதல் வருடமே அணி பிளேஆஃபுக்குள் நுழைந்து, டல்லாஸை அதன் சொந்த மைதானத்தில் 48-32 என்று வீழ்த்தியது. 2024 ஜூலையில் அவருக்கு நான்கு வருடத்துக்கு 22 கோடி டாலர் ஒப்பந்தம். மேலாளர் செய்தது சரியாகிவிட்டதா? லவ் விஷயத்தில் சரி. ஆனால் 2020, 2021 இரண்டு வருடமும் உச்சத்தில் இருந்த ராட்ஜர்ஸ் சூப்பர் பவுல் போகாமலே முடிந்தது. அங்கே ஒரு ரிசீவர் இருந்திருந்தால் என்று ஆபரேட்டர் இன்றும் கேட்கிறார், அதற்கு யாரிடமும் பதில் இல்லை. இந்தச் சண்டைகளின் வேர் இதுதான் என்று நினைக்கிறேன். ரசிகன் வருகிற செப்டம்பருக்காக வாதாடுகிறான், மேலாளர் மூன்று வருடம் தள்ளி வரும் செப்டம்பருக்காக ஆள் எடுக்கிறார். இருவரும் வேறு வேறு வருடத்தில் நின்றுகொண்டு பேசினால் எப்படி ஒத்துப்போகும்?

முதல் சுற்றில் ரிசீவரே எடுப்பதில்லை என்ற பழைய குறைக்கும் இதே கதிதான். 2002இல் ஜாவன் வாக்கருக்குப் பிறகு 2025 வரை கிரீன் பே அப்படி எடுக்கவே இல்லை என்பது உண்மை. ஆனால் கிரெக் ஜென்னிங்ஸ், ஜோர்டி நெல்சன், ராண்டல் காப், டவான்டே ஆடம்ஸ் நால்வரும் இரண்டாம் சுற்றில் எடுக்கப்பட்டவர்கள். அணியின் வரலாற்றில் அதிக யார்டு சேர்த்த ரிசீவர் டொனால்ட் டிரைவர், 1999இல் ஏழாம் சுற்று, 213ஆம் ஆள். இதைச் சொன்னால் யாரும் மசிந்ததில்லை. 2025இல் டிராஃப்டே கிரீன் பேக்கு வந்தபோது, 23ஆம் இடத்தில் மேத்யூ கோல்டன் என்ற ரிசீவரின் பெயரை வாசித்ததும் எழுந்த சத்தம் 23 வருடத்துச் சத்தம்.

முன்னால் எடுத்தால் நல்ல ஆள் என்றும் இல்லை. 1989இல் கிரீன் பே இரண்டாம் இடத்தில் டோனி மாண்டரிச் என்ற மலை போன்ற தடுப்பு வீரரை எடுத்தது. அந்த வருடம் முதல் ஐந்து இடங்களில் எடுக்கப்பட்ட மற்ற நால்வரும், ட்ராய் ஐக்மன், பாரி சாண்டர்ஸ், டெரிக் தாமஸ், டியான் சாண்டர்ஸ், லீக்கின் புகழ்மண்டபத்தில் இருக்கிறார்கள். மாண்டரிச் கிரீன் பேயில் எடுபடவில்லை. கல்லூரியில் ஸ்டீராய்டு எடுத்ததைப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். மறுபக்கம், கிரீன் பேக்கு முதல் இரண்டு சூப்பர் பவுல்களையும் வென்று தந்த பார்ட் ஸ்டார் 1956இல் 200ஆம் ஆள். பெரும்புகழ் பெற்ற குவார்ட்டர்பேக் டாம் பிரேடி 2000இல் 199ஆம் ஆள். பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் தேலரும் கேட் மாஸியும் இந்த டிராஃப்டை ஆராய்ந்தார்கள். ஒரே இடத்தில் ஆடும் இருவரில் முதலில் எடுக்கப்பட்டவர், அவருக்கு அடுத்து எடுக்கப்பட்டவரைவிடச் சிறப்பாக ஆட வாய்ப்பு 52 சதவீதம்தான் என்றது அவர்கள் கணக்கு. கோடிக்கணக்கில் செலவழித்து, கல்லூரி கல்லூரியாக அலைந்து, இண்டியானாபொலிஸில் நாற்பது யார்டு ஓடவிட்டு நேரம் குறித்து, கடைசியில் நாணயம் சுண்டுவதைவிடச் சற்றே மேல்.

ஜூலைக் கடைசியில் பயிற்சி முகாம் தொடங்கும்போது வாய்ச்சண்டைக்குச் சாட்சியம் கிடைக்க ஆரம்பிக்கும். 1958 முதல் வீரர்கள் முகாமின்போது அருகே டி பீர் ஊரில் உள்ள செயின்ட் நார்பர்ட் கல்லூரி விடுதியில்தான் தங்குகிறார்கள். லாம்போ மைதானத்திலிருந்து பயிற்சித் திடலுக்குப் போக, ஊர்ச் சிறுவர்களின் சைக்கிளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். 140 கிலோ எடையுள்ள ஆள் முழங்கால் காதைத் தொட ஒரு குட்டி சைக்கிளை மிதிப்பார், சைக்கிளுக்குச் சொந்தக்காரப் பையன் அவருடைய தலைக்கவசத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் ஓடுவான். லொம்பார்டி பயிற்சியாளராக இருந்த காலத்திலிருந்து நடக்கும் வழக்கம் என்கிறார்கள். அந்தச் சிறுவனின் முகத்தைப் பார்ப்பதற்காகவே போகலாம்.

பழகிய கண்கள் அங்கே வேறொன்றைப் பார்க்கும். முகாமுக்கு வரும் 90 பேரில் ஆகஸ்ட் கடைசியில் 53 பேருக்குத்தான் இடம். முதல் அணியோடு யார் நிற்கிறார், யார் கைக்கு வந்த பந்தை நழுவவிட்டார், யார் கணுக்காலில் ஐஸ் கட்டியிருக்கிறார் என்று ஆபரேட்டர் வேலிக்கு வெளியே நின்று நோட்டில் குறிப்பார். அவருக்குப் பிரியமானவர்கள் டிராஃப்டில் ஏழு சுற்றிலும் யாரும் எடுக்காமல், வாய்ப்புக் கேட்டு வந்தவர்கள். 2010இல் சாம் ஷீல்ட்ஸ் அப்படித்தான் வந்தார். அந்தப் பருவத்தில் சூப்பர் பவுலுக்கு வழி திறந்த சிகாகோ ஆட்டத்தில் எதிரணி எறிந்த பந்துகளில் இரண்டைப் பறித்தார். அதனால் ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஆபரேட்டர் ஒரு புதிய சாம் ஷீல்ட்ஸைக் கண்டுபிடிப்பார். பெரும்பாலும் அந்தப் பையன் 53இல் வரமாட்டான்.

2025 ஆகஸ்ட் 28 அன்று யாரும் எதிர்பாராத செய்தி வந்தது. எதிரணி குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவதில் லீக்கின் முன்னணி வீரரான மைக்கா பார்சன்ஸை டல்லாஸிடமிருந்து கிரீன் பே வாங்கியது. கொடுத்த விலை, கென்னி கிளார்க் என்ற அனுபவ வீரரும் 2026, 2027 ஆண்டுகளின் முதல் சுற்று இடங்கள் இரண்டும். வருங்காலத்துக்காகவே ஆள் எடுப்பவர் என்று திட்டு வாங்கிய அதே குட்டகுன்ஸ்ட், இரண்டு வருட வருங்காலத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். ஐந்து வருடமாக ‘இந்த வருடத்தைப் பார்’ என்று கத்திய ஆபரேட்டர் மறுநாள் காலை ஷிஃப்டுக்கு வந்ததும் கேட்ட முதல் கேள்வி: “ரெண்டு வருஷம் முதல் சுற்றில் ஆளே இல்லாமல் என்ன செய்யப்போகிறார்கள்?”

என்னைக் கேட்டால் நல்ல வியாபாரம்தான். அதுவரை ஆடிய நான்கு வருடமும் வருடத்துக்கு 12 முறைக்குக் குறையாமல் எதிரணிக் குவார்ட்டர்பேக்கை வீழ்த்தியவர் பார்சன்ஸ். முகம் தெரியாத இரண்டு பையன்களுக்கு 52 சதவீதம் என்றால், தெரிந்த இந்த ஒருவர் மேல். ஆபரேட்டர் இதை ஒப்புக்கொள்ளவில்லை.