வேலி தாண்டிய பந்துக்கு விலை என்ன?

கிரிக்கெட் ஆட்டத்தில் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டிப் பார்வையாளர் நடுவே விழுந்தால், அதைப் பிடித்தவர் ஒரு கணம் உயர்த்திக் காட்டிவிட்டுத் திருப்பி எறிந்துவிடுவார். அதே பந்தைக் கொண்டே ஆட்டம் தொடர வேண்டியிருப்பதால், அதை வீட்டுக்கு எடுத்துச் செல்லும் எண்ணம் நமக்கு எழுவதில்லை. அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டத்தில் வழக்கம் வேறு. அங்கே ஓர் ஆட்டத்துக்குப் பல பந்துகள் பயன்படும். இருக்கைப் பகுதியில் வந்து விழும் பந்து, அதைப் பிடித்தவருக்கே உரியது. 1921ஆம் ஆண்டு நியூயார்க்கில் பந்தைத் திருப்பித் தர மறுத்து அரங்கிலிருந்து வெளியேற்றப்பட்ட ரசிகர் ஒருவர், அணி நிர்வாகத்தின் மீது வழக்குத் தொடுத்து 100 டாலர் இழப்பீடு பெற்றார். காலப்போக்கில் இவ்வழக்கம் எல்லா அரங்குகளிலும் நிலைபெற்றது.

சாதாரணப் பந்தென்றால் இதில் சிக்கல் ஏதுமில்லை. ஆனால் அது ஒரு சாதனையைப் படைத்த பந்தாக இருந்தால், சில நிமிடங்களில் அணி அலுவலர் ரசிகரைத் தேடி வருவார். வீரர் அப்பந்தைத் திரும்பப் பெற விரும்புகிறார். அதற்கு ஈடாக என்ன வேண்டும் என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு எவ்வாறு விடையளிப்பது என்பதில்தான் அன்பும் உரிமையும் பணமும் ஒன்றோடொன்று மோதுகின்றன.

மூன்று ரசிகர்கள், மூன்று விடைகள்

2011 ஜூலை 9 அன்று யாங்கீஸ் அணியின் டெரெக் ஜீட்டர் தமது 3,000ஆவது 'ஹிட்'டை ஹோம் ரன்னாகவே அடித்தார். ஹோம் ரன் என்பது நம் கிரிக்கெட்டின் சிக்சரைப் போன்றது. பந்தைக் கைப்பற்றிய 23 வயது இளைஞருக்குக் கல்விக் கடன் பெரும் சுமையாக இருந்தது. ஆயினும் விலை ஏதும் பேசாமல் அதை ஜீட்டரிடமே ஒப்படைத்தார். அணி நிர்வாகம் மகிழ்ந்து, அந்தப் பருவத்தின் எஞ்சிய உள்ளூர் ஆட்டங்களுக்கான சிறப்பு இருக்கைகளையும் கையொப்பமிட்ட மட்டைகளையும் சட்டைகளையும் அளித்தது. இப்பரிசுகளுக்கு அவர் ஆயிரக்கணக்கான டாலர் வரி செலுத்த நேரிடலாம் என்ற பேச்சு பின்னர் எழுந்தது. அவருக்கு உதவ வணிக நிறுவனங்கள் முன்வந்தன.

நான்கு ஆண்டுகள் கழித்து அதே அரங்கில் அலெக்ஸ் ராட்ரிகஸ் தமது 3,000ஆவது ஹிட்டை எட்டினார். அதுவும் ஹோம் ரன்னே. பந்தைப் பிடித்தவர் முதலில் தர மறுத்தார். இரு வாரங்களுக்குப் பின் உடன்பாடு ஏற்பட்டது. ஏழைச் சிறுவர்களுக்கு விளையாட்டுக் கருவிகள் வழங்கும் அறநிறுவனத்துக்கு யாங்கீஸ் அணி 1,50,000 டாலர் நன்கொடை அளிக்க, பந்து வீரரின் கைக்குச் சென்றது.

2024 செப்டம்பர் 19 அன்று மயாமி நகரில் நிகழ்ந்தது மூன்றாம் வகை. ஒரே பருவத்தில் 50 ஹோம் ரன்கள் அடித்து, எதிரணியை ஏய்த்து அடுத்த தளத்துக்கு 50 முறை ஓடிச் சேர்ந்த முதல் வீரர் என்ற பெருமையை ஷோஹெய் ஓடானி அன்று பெற்றார். 50ஆவது ஹோம் ரன் பந்துக்கு டாட்ஜர்ஸ் அணி 3,00,000 டாலர் தர முன்வந்ததாகச் செய்திகள் வந்தன. ரசிகர் இசையவில்லை. அடுத்த மாதமே அது ஏலத்தில் 43 லட்சத்து 92 ஆயிரம் டாலருக்கு விற்றது. பந்து முதலில் தம் கைக்கே வந்தது என்று வேறு இருவர் நீதிமன்றத்தை அணுகியதும் இக்கதையின் ஒரு பகுதி.

பேராசையா, நியாயமா?

பந்து என்பது சிறிது தோலும் நூலும் மட்டுமே. அதற்கு மதிப்பைத் தருவது வீரரின் பல்லாண்டு உழைப்பு. பிடித்தவரின் பங்கு பெரும்பாலும் நற்பேறுதான். ஆகவே விலை கேட்பவரைப் பேராசைக்காரர் என்று பலர் பழிக்கின்றனர். ஆனால் உரிமை ஒருவரிடமும், மதிப்பின் ஊற்று வேறொருவரிடமும் இருக்கும்போது, இருவரும் அமர்ந்து பேசுவதன்றி வேறு வழி எது?

மேலும், எதிரே நிற்பது செல்வம் மிக்க நிறுவனம். 2024 ஏப்ரலில் டாட்ஜர்ஸ் அணிக்காக ஓடானி அடித்த முதல் ஹோம் ரன் பந்தைப் பெற்ற பெண், கையொப்பமிட்ட தொப்பிகளுக்கும் ஒரு மட்டைக்கும் ஒரு பந்துக்கும் ஈடாக அதைக் கொடுத்துவிட்டார். அதன் மதிப்பு குறைந்தது 1,00,000 டாலர் இருக்கும் என்று ஏலத் துறையினர் பின்னர் கணித்தனர். பந்தை எடுத்துச் சென்றால் அதற்கு நம்பகச் சான்று தரப்படாது என்று தமக்கு அழுத்தம் தரப்பட்டதாக அவரும் அவர் கணவரும் கூறினர்.

இந்தச் சான்று எளிய விஷயமன்று. 2001 முதல் பேஸ்பால் சங்கமே இதற்கெனத் தனித் திட்டம் நடத்துகிறது. சாதனை நெருங்கும்போது பந்துகளில் முன்கூட்டியே இரகசியக் குறி இடப்படுகிறது. ஆட்டம் முடிந்ததும் எண்ணிட்ட முத்திரை ஒட்டப்படுகிறது. சான்று இல்லையேல், சாதனைப் பந்தும் கடையில் வாங்கிய பந்தும் ஒன்றே.

ஏறும் விலை, இறங்கும் விலை

1998இல் மார்க் மெக்வயர் அடித்த 70ஆவது ஹோம் ரன் பந்தைப் படக்கதை ஓவியர் டாட் மெக்ஃபார்லேன் ஏறத்தாழ 30 லட்சம் டாலருக்கு வாங்கினார். மூன்றே ஆண்டுகளில் பாரி பாண்ட்ஸ் 73 அடித்து அச்சாதனையை முறியடித்தார். 2010இல் மெக்வயர் ஊக்கமருந்து உட்கொண்டதை ஒப்புக்கொண்டார். வீரரின் பெயர் மங்கினால் பொருளின் ஒளியும் மங்கும்.

பாண்ட்ஸின் 73ஆவது பந்துக்காக இரு ரசிகர்கள் வழக்காடினர். விற்றுச் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்ளுமாறு 2002 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோ நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு ஏலத்தில் அது 4,50,000 டாலரே ஈட்டியது. வழக்காடியவருள் ஒருவருக்கு வழக்கறிஞர் கட்டணமே அவர் பங்கை விஞ்சியது.

பொறுமையின் பயனுக்கும் சான்றுண்டு. 1976இல் ஹேங்க் ஏரன் அடித்த 755ஆவது பந்து, மில்வாக்கி அரங்கின் பகுதிநேர ஊழியர் ஒருவரிடம் சிக்கியது. தாமே ஏரனிடம் நேரில் கொடுக்க அவர் விரும்பினார். நிர்வாகம் இசையாமல் வேலையிலிருந்து நீக்கியது, பந்தின் விலையென 5 டாலரையும் கூலியில் பிடித்துக்கொண்டது. அதுவே ஏரனின் கடைசி ஹோம் ரன் என்பதை அன்று எவரும் அறியார். 1999இல் அப்பந்தை 6,50,000 டாலருக்கு விற்ற அவர், ஒரு பகுதியை ஏரனின் அறக்கட்டளைக்கே வழங்கினார்.

கொடுத்தும் காக்கப்படாதவை

நம் நாட்டு அனுபவம் இதற்கு நேர்மாறானது. 1948, 1952, 1956 ஒலிம்பிக் போட்டிகளில் ஹாக்கித் தங்கம் வென்ற பல்பீர் சிங், அமையவிருந்த அருங்காட்சியகத்துக்காக 36 பதக்கங்களையும் 120 நிழற்படங்களையும் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் அணித்தலைவராக அணிந்த மேலங்கியையும் 1985இல் இந்திய விளையாட்டு ஆணையத்திடம் விலையின்றி ஒப்படைத்தார். அவை காணாமற்போனது 2012இல்தான் தெரியவந்தது. 2020இல் அவர் மறையும்வரை அவற்றை மீட்க முயன்றும் பயனில்லை. பொருளுக்கு விலை கேட்பவரைக் கடிந்துகொள்ளும் நாம், விலையின்றிப் பெற்றதைக் காக்கத் தவறுவதையும் அதே அளவுகோலால் அளக்க வேண்டும்.

நம் இல்லங்களிலும் தாத்தாவின் பதக்கமோ, புகழ்பெற்ற வீரர் கையொப்பமிட்ட மட்டையோ இருக்கக்கூடும். அது எங்கிருந்து, எப்போது, யாரிடமிருந்து வந்தது என்பதை இன்றே எழுதி, நிழற்படத்துடன் சேர்த்து வையுங்கள். யாருக்கேனும் கொடுத்தால் எழுத்து வடிவில் ஒப்புதல் பெறுங்கள்; விற்றால் வரி ஆலோசகரைக் கேளுங்கள். வங்கிப் பெட்டகத்தில் வைப்போர் ஒன்றை அறிதல் நலம்: உள்ளிருக்கும் பொருளை வங்கி காப்பீடு செய்வதில்லை. தீ, திருட்டு, ஊழியர் மோசடி போன்றவற்றால் இழப்பு நேர்ந்தால் வங்கியின் பொறுப்பு, இந்திய ரிசர்வ் வங்கியின் விதிப்படி, ஆண்டு வாடகையின் 100 மடங்கு. அதற்கு மேல் மதிப்புள்ள பொருளுக்குத் தனிக் காப்பீடு எடுப்பதே அறிவுடைமை.