களத்துமேட்டிலேயே விலை தெரிந்தால்..!

கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தில் அறுவடை முடிந்ததும், களத்துமேட்டுக்கு முதலில் வந்து நிற்பது வியாபாரியின் வண்டிதான். செஞ்சியில் என்ன விலை, திருவண்ணாமலையில் என்ன விலை என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. விவசாயிக்கோ மழை பயம், ஆள் கூலி பாக்கி. ஒருவருக்கு மட்டும் விலை தெரிந்திருந்தால், அது பேரமே இல்லை.

தமிழ்நாட்டின் முதல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் 1936-ல் திருப்பூரில் வந்தது. வியாபாரிகள் சீட்டில் விலை எழுதிப் போடும் மறைமுக ஏலம் இங்கெல்லாம் பழகிப்போன ஒன்று. 2016 ஏப்ரல் 14-ல் மத்திய அரசு தொடங்கிய ‘இ-நாம்’, அந்தச் சீட்டைக் கணினிக்கு மாற்றியது. இத்திட்டத்தில் இணைந்த கூடத்தில் மூட்டைகளை இறக்கியதும் குவியலுக்கு ஓர் எண் தருவார்கள். மாதிரி எடுத்து ஈரப்பதம், தரம் பார்த்துப் பதிவு செய்வார்கள். வியாபாரிகள் கைப்பேசியிலேயே விலை கேட்கலாம். அதிகபட்ச விலை விவசாயிக்குக் குறுஞ்செய்தியாக வரும். பிடிக்கவில்லையா, மறுத்துவிடலாம். சம்மதித்தால் பணம் வங்கிக் கணக்குக்கு வரும்.

இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. நம் ஊர்ப் பேச்சில் நெல் விலை என்பது 75 கிலோ மூட்டைக்கு. இ-நாம் செயலியிலோ குவிண்டாலுக்கு. மூட்டை 1,500 ரூபாய் என்றால், குவிண்டால் 2,000. இந்தக் கணக்கைப் போடாமல் ஒப்பிட்டால், வெளியூர் விலை எப்போதும் கூடுதலாகவே தெரியும்.

‘காயவைத்தால் எடை குறையுமே?’ என்பது அடுத்த கேள்வி. 20 சதவிகித ஈரமுள்ள 100 கிலோ நெல், 17 சதவிகிதத்துக்குக் காய்ந்தால் சுமார் 96.4 கிலோவாகும். ஈர நெல்லுக்குக் குவிண்டால் 2,000 ரூபாய் கேட்கிறார்கள் என்றால், காய்ந்த நெல்லுக்கு 2,075 ரூபாய்க்கு மேல் கிடைத்தால்தான் காயவைத்த வேலைக்குப் பலன். மல்லாட்டைக்கும் இதே கணக்கு முறைதான்.

கணினி விலையைக் காட்டும், வியாபாரிகளை உருவாக்காது. இரண்டே பேர் கேட்கும் நாளில் ஏலம் சோர்ந்துதான் இருக்கும். அப்படிப்பட்ட நாளில் விலையை மறுக்கத் துணிச்சல் தருவது பொருளீட்டுக் கடன். விளைபொருளைக் கிடங்கில் வைத்து, அதன் மதிப்பில் 75 சதவிகிதம் வரை கடன் பெறலாம். கூலி பாக்கியை அடைத்துவிட்டு, விலைக்குக் காத்திருக்கலாம்.

கூடத்துக்குப் போகும்போது ஆதார், வங்கிப் புத்தகம் இரண்டும் கையில் இருக்கட்டும். பதிவில் மகனின் பழைய கைப்பேசி எண் இருந்தால், முதலில் அதை மாற்றுங்கள். விலைச் செய்தி அந்த எண்ணுக்குத்தான் போகும்.