வானத்தில் ஒரு பத்து நிமிஷம்

சென்ற மார்கழியில் ஒரு மாலை, கரக்பூர் ரயில்வே குடியிருப்பின் மொட்டை மாடியில் நான் நின்றுகொண்டிருந்தபோது, ஒரு கான்ஸ்டபிள் படியேறி வந்தார். என் கையில், பிளாஸ்டிக் குழாய் ஒன்றில் இரும்பு அளவு நாடாவின் துண்டுகளைப் பொருத்திய, மீன்முள் போன்றதொரு பொருள் இருந்தது. அதை ஆகாயத்தை நோக்கிப் பிடித்து மெல்லத் திருப்பியவாறே, சிறிய கைக்கருவி ஒன்றில் ஆங்கில எழுத்துக்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அண்டை வீட்டார் யாரோ கண்டு பயந்து தகவல் கொடுத்துவிட்டார்கள். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. ஊர் அவர்களுடையது, நாமோ தெற்கிலிருந்து பிழைக்க வந்தவர்கள். வேற்றூரான் ஒருவன் அந்தி நேரத்தில் விண்ணோடு பேசிக்கொண்டிருந்தால் எவருக்குத்தான் ஐயம் எழாது?

அன்று என் மானத்தைக் காத்தது சட்டைப் பையிலிருந்த உரிமத்தின் நகல். அதைப் படித்துப் பார்த்தவர், "சரி தாதா, ஆனால் யாரோடு பேசுகிறீர்கள்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று நான் சுருக்கமாகச் சொன்ன பதிலை, நம் சங்கத்து அன்பர்களுக்குச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

வருவாய் கருதாமல், ஆசைக்காக வானொலி நிலையம் வைத்துப் பேசுவோரை 'ஹாம்' என்று அழைப்பது உலக வழக்கு. நம் நாட்டில் 12 வயது நிறைந்த எவரும் இதற்கான தேர்வை எழுதலாம், பட்டம் தேவையில்லை. மெட்ரிகுலேஷனோடு நின்றுவிட்ட எனக்கு இந்தச் செய்தியே பெருந்துணிவு தந்தது. தேர்வில் இரு நிலைகள் உண்டு. மேல்நிலைக்கு நிமிஷத்திற்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ் தந்திக் குறிகளை அனுப்பவும் வாங்கவும் தெரிய வேண்டும். கீழ்நிலைக்கு அது வேண்டியதில்லை. நான் வீம்பாக மேல்நிலைக்கே எழுதி, தந்தியில் தோற்றேன். ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டு தந்தியில் தோற்றவன் என்று நண்பர்கள் நெடுநாள் கேலி செய்தனர். பிறகு அடக்கமாகக் கீழ்நிலைத் தேர்வை எழுதித் தேறினேன்.

ஹாம்கள் பேசும் அலைகளுள் சில நேர்கோட்டில் மட்டுமே செல்வன. பூமியோ உருண்டை. ஆகவே ஐம்பது அறுபது கிலோமீட்டருக்கு அப்பால் அவை எட்டுவது அரிது. உயரத்தில் ஒருவன் நின்று, இங்கே கேட்டதை அங்கே திருப்பிச் சொன்னால் இந்தக் குறை தீரும். அந்த ஒருவன்தான் செயற்கைக் கோள்.

பெரிய அரசாங்கங்கள் மட்டுமன்றி ஹாம்களும் கோள் விட்டார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பு. கலிபோர்னியாவில் சில ஹாம்கள், ராக்கெட்டில் சமநிலைக்காக வைக்கும் பாரத்துக்குப் பதிலாகத் தங்கள் பெட்டியை வைக்க இடம் கேட்டுப் பெற்றார்கள். 1961 டிசம்பர் 12 அன்று 'ஆஸ்கார் 1' மேலே சென்றது. எடை ஏறத்தாழ நாலரைக் கிலோ. அதை ராக்கெட்டிலிருந்து தள்ளிவிட்ட சுருள்வில், கடையில் ஒரு டாலர் சொச்சத்துக்கு வாங்கியது. அதன் ஒலிபரப்பு வலிமை 140 மில்லிவாட். ஒரு டார்ச் விளக்கின் பல்புகூட அதைவிட அதிகம் கேட்கும். நான்கு புள்ளி, இரண்டு புள்ளி, அதாவது 'ஹாய்' என்னும் ஒரே சொல்லை மூன்று வாரம் ஓயாமல் கூவிற்று. பெட்டியின் வெப்பம் மாறினால் கூவும் வேகமும் மாறும். 28 நாடுகளில் 500க்கு மேற்பட்டோர் அதைக் கேட்டு எழுதி அனுப்பினார்கள்.

1974இல் சென்ற 'ஆஸ்கார் 7'இன் கதை இன்னும் விநோதமானது. 1981இல் அதன் பாட்டரி கெட்டு, கோள் ஊமையாயிற்று. எல்லோரும் அதை மறந்துவிட்டனர். 2002 ஜூன் மாதத்தில் ஒருநாள் அது திடீரென்று மீண்டும் பேசத் தொடங்கியது. உள்ளே குறுக்குத் தொடர்பாகிக் கிடந்த பாட்டரி முற்றிலும் அறுந்துபோகவே, சூரியத் தகடுகளின் மின்சாரம் தடையின்றிக் கருவிக்குப் பாய்ந்திருக்கிறது. அதற்குப் பின் 20 ஆண்டுகளுக்கும் மேலாக, வெயில் படும்போது விழித்தும் நிழலில் உறங்கியும் அது பணி செய்தது.

நம் நாடும் பின்தங்கவில்லை. 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற பி.எஸ்.எல்.வி., 'ஹாம்சாட்' என்னும் 42.5 கிலோ எடையுள்ள கோளை ஏற்றிச் சென்றது. அதிலிருந்த இரு கருவிகளுள் ஒன்று நம்மவர் செய்தது. மற்றொன்று ஹாலந்து நாட்டு மாணவர் ஒருவர் செய்தது. ஒன்பது ஆண்டு உழைத்து, 2014 ஜூலையில் பாட்டரி பழுதால் அது ஓய்ந்தது. நான் உரிமம் பெறுவதற்கு முன்பே அது போய்விட்டதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு.

எனக்கு வாய்த்தது சர்வதேச விண்வெளி நிலையம். ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் அதனுள்ளும் ஹாம்களுக்கான கருவி ஒன்று வைத்திருக்கிறார்கள். ஹவுராவிலிருந்து சென்னைக்கு நாம் ஒரு பகலும் ஓர் இரவும் பிரயாணம் செய்யும் 1,660 கிலோமீட்டரை அது நாலு நிமிஷத்திற்குள் கடக்கும். தொடுவானத்தில் எழுந்து மறுபுறம் மறைய, அதிகம் போனால் பத்து நிமிஷம். அந்த நேரத்திற்குள் ஒரு கையால் மீன்முள்ளை அதன் வழியே திருப்ப வேண்டும். மறு கையால் அலைவரிசையை மாற்றிக்கொண்டே போக வேண்டும். பிளாட்பாரத்தில் நிற்கும் நம்மை நோக்கி வரும் எஞ்சினின் ஊதல் உரத்த சுருதியிலும், கடந்து சென்றதும் தாழ்ந்த சுருதியிலும் கேட்பதை அறிவீர்கள். வானொலி அலைக்கும் அதே கதிதான். நிலையம் 437.800 மெகாஹெர்ட்சில் பேசினாலும், எழும்போது 437.810இலும் மறையும்போது 437.790இலும் அதைத் தேட வேண்டும்.

முதல் நான்கு மாலைகள் எனக்கு இரைச்சலைத் தவிர வேறொன்றும் கிட்டவில்லை. வீட்டில், "இதற்கா இத்தனை ரூபாய்?" என்றார்கள். ஐந்தாம் மாலை, என் அழைப்பெழுத்தையும் எங்கள் ஊர் இருக்கும் கட்டமான என்.எல். 32 என்பதையும் சொல்லிவிட்டுக் காதைத் தீட்டினேன். ஹாம்கள் பூமியையே கட்டங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், சென்னை என்.கே. 03. இரைச்சலுக்கு நடுவே என் எழுத்துக்களை யாரோ திருப்பிச் சொன்னார்கள்! சுமத்ராத் தீவிலிருந்து ஒருவர். இருவரும் கட்டத்தைச் சொன்னோம், நன்றி சொன்னோம், முடிந்தது. இருபது வினாடிகூட இராது. கைகள் நடுங்கியதால், குறிப்பேட்டில் எழுதிய நேரம் இன்றும் சரியாகப் படிக்க முடியவில்லை.

கைப்பேசியில் இதைவிடத் தெளிவாகப் பேசலாமே என்று கேட்போருண்டு. பேசலாம்தான். ஆனால் கைப்பேசியில் நாம் அழைப்பது ஏற்கெனவே அறிந்தவரை. இங்கே யார் விடை தருவார் என்பது கடைசிவரை தெரியாது. பிறந்த ஊரை விட்டு வந்து, முகமறியாதவர் நடுவே குடியமர்ந்த நமக்கு அந்தப் படபடப்பு புதிதன்று.

ஓர் எச்சரிக்கை மட்டும் சொல்ல வேண்டும். உரிமமின்றி ஒலிபரப்புவது குற்றம். ஆகவே தேர்வு முதலில், கருவி பிறகு. உரிமத்தின் நகல் எப்போதும் சட்டைப் பையில் இருக்கட்டும். மாடியில் ஏறுமுன் அண்டை வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவதும் நலம். அதைச் செய்யத் தவறியதால்தான் எனக்கு அந்த விருந்தாளி வந்தார்.

அவர் உடனே போய்விடவில்லை. அடுத்த முறை நிலையம் எப்போது வரும் என்று கேட்டார். ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றேன். தம் வேலையைப் பார்த்துவிட்டுச் சரியாக அந்த நேரத்திற்குத் திரும்பி வந்து, தொப்பியைக் கழற்றிக் கைச்சுவரில் வைத்துவிட்டு, கருவியைக் காதோடு வைத்துக்கொண்டார். அன்று யாரும் தெளிவாகப் பேசவில்லை. இரைச்சலின் ஊடே அரைகுறையாக ஒரு குரல் மட்டும் வந்து போயிற்று. அது எந்த நாடு என்று கேட்டார். எனக்கும் பிடிபடவில்லை. மறுவாரம் தம் மகனை அழைத்துக்கொண்டு வந்தார்.