செல்லின் சாவைத் தடுத்து நிறுத்தும் சிறு புரதம்

இலையில் நோய்க்கிருமி தொற்றியதும், தொற்றிய இடத்துச் செல்களைத் தாவரமே சாகடித்துவிடுவது உண்டு. உயிருள்ள செல்லில் மட்டுமே பிழைக்கக்கூடிய கிருமி, அங்கேயே உணவின்றி முடங்கிப்போகும். இலையில் ஒரு பழுப்புப் புள்ளி எஞ்சும், செடி பிழைத்துக்கொள்ளும். இதற்குத் 'திட்டமிட்ட செல் மரணம்' என்று பெயர். நோய்க் காலத்தில் மட்டும் நடப்பதல்ல இது. தேங்கிய நீரில் நிற்கும் நெல்லின் வேருக்குள் காற்றறைகள் உண்டாவதும், தண்டில் நீர்க்குழாய்கள் அமைவதும் செல்கள் ஒழுங்காக மடிவதால்தான்.

அப்படியானால், இந்த மரணம் வேண்டாத நேரத்தில் தொடங்கிவிடாமல் காப்பது எது? ஒரு விடை, கொழுப்பைச் சுமந்து செல்லும் சிறு புரதங்களிடம் கிடைத்தது.

கொழுப்பைச் சுமக்கும் புரதம்

செல்லின் சவ்வுகள் பெருமளவில் லிப்பிடு எனும் கொழுப்பு வகைப் பொருள்களால் ஆனவை. ஒரு சவ்விலிருந்து மற்றொன்றுக்கு லிப்பிடு போக வேண்டுமானால், இடையில் நீர் நிறைந்த செல் திரவம் இருக்கிறது. கொழுப்பு நீரில் கரையாது. லிப்பிடு கடத்தும் புரதம் அதைத் தன் உட்குழிவில் பொதிந்துகொண்டு, பரிசலைப் போல அக்கரை சேர்க்கிறது.

கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில், இத்தகைய புரதம் ஒன்றை உருவாக்கும் ஏசிடி11 என்னும் மரபணுவைப் பற்றிய ஆய்வை 2002இல் ஜான் மண்டி உள்ளிட்ட கோபன்ஹேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அந்த மரபணு செயலிழந்த செடிகள், எந்தக் கிருமியும் தாக்காதபோதே நாற்றுப் பருவத்தில் மடிந்தன. சாலிசிலிக் அமிலத்தைச் சிதைக்கும் பாக்டீரிய மரபணு ஒன்றைச் சேர்த்ததும் அவை பிழைத்தன. நோயெதிர்ப்புக்குச் செடி பயன்படுத்தும் அதே அமிலம்தான் இந்த மரணத்தையும் நடத்தியிருக்கிறது.

ஏசிடி11 புரதத்தின் முப்பரிமாண வடிவத்தை 2014இல் வெளியான ஆய்வு விளக்கியது. அது சுமப்பது செராமைடு-1-பாஸ்பேட் என்ற லிப்பிடை. சுமக்க ஆளில்லாத செடியில் அந்த லிப்பிடு கூடியது. செல்லைக் கொல்லவல்ல பைட்டோசெராமைடோ வேகமாக உயர்ந்தது.

எதிரி என்று எண்ணும் காவல்

லிப்பிடின் அளவு மட்டுமே மரணத்தை முடிவு செய்வதில்லை. லாஸ்5 என்ற நோயெதிர்ப்புப் புரதமும் செயலிழந்திருந்தால், ஏசிடி11 இல்லாத செடியும் உயிர் பிழைப்பதை 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. ஏசிடி11 காணாமல் போவதை எதிரியின் கைவரிசையாகச் செடியின் காவல் எடுத்துக்கொள்கிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. மிளகாய், மிளகுச் செடிகளை வாட்டும் பைட்டோப்தோரா கேப்சிசி என்ற கிருமி, ஏசிடி11ஐ நிலைப்படுத்தும் துணைப் புரதங்களை அழிக்கும் புரதம் ஒன்றைச் செல்லுக்குள் செலுத்துகிறது. முதலில் உயிருள்ள திசுவில் வளர்ந்து, பின் இறந்த திசுவைத் தின்னும் கிருமி அது. செல் சாவதால் அதற்கு லாபம். தக்காளியைத் தாக்கும் ஆல்டர்னேரியா பூஞ்சையும், செராமைடு உற்பத்தியைத் தடுக்கும் நஞ்சால் செல்களைக் கொல்கிறது.

ஒரு கிருமியைப் பட்டினி போடும் அதே மரணம், இன்னொரு கிருமிக்கு விருந்தாகிவிடுகிறது. ஆகவே, செல் மரணத்தைத் தூண்டினாலே பயிர் காப்பாற்றப்படும் என்று கருத முடியாது. நோய் தாங்கும் ரகங்களைத் தேடுவோர், மரணத்தைத் தூண்டும் மரபணுக்களைப் போலவே, அதைக் கட்டுக்குள் வைக்கும் இந்தக் கடத்திகளையும் கணக்கில் கொள்ள வேண்டும்.