ஓயாக் கால்கள்

“குடாவின் அலையும் விடியுமுன் சற்றே ஓயும் தம்பி, என் கால்கள் ஓயா” என்றார், மூதூர்க் கரையில் வாழும் மூதாட்டியார் ஒருவர்.

படுத்ததும் கணைக்காலினுள் எறும்பூர்வது போன்ற உணர்வு. அசைத்தால் தணியும், ஓய்ந்தால் மீளும். இதனை ஆங்கில மருத்துவர் தோமஸ் வில்லிஸ் 1672இலேயே எழுதி வைத்தார். ஆதலின் இது வெறும் மனப்பிரமையன்று.

2014இல் அமெரிக்காவில் இதற்கென அதிர்வு மெத்தை ஒன்று அரசின் இசைவு பெற்றது. இன்று காலில் அணியும் அதிர்வுப் பட்டையும் உண்டு. அதிர்வுணர்ச்சி மேலோங்க, ஊரும் உணர்வு மங்கும். பேரப்பிள்ளை கால் பிடித்துவிடுகையில் வரும் சுகமும் இத்தகையதே. உறக்கம் சீர்படலாம்; நோய் நீங்காது.

பலர்க்கு இரும்புச் சத்துக் குறைவே இதற்கு ஏது. எனவே, “ஆச்சி, முதலில் குருதியைச் சோதிப்பியுங்கள், பட்டை பிறகு வாங்கலாம்” என்றேன்.