1600-க்குக் கீழே ஒரு நாற்காலி: செஸ் மண்டபத்துக்கு நம் பிள்ளைகள் போகும் வழி

சனி, ஞாயிறு வந்தால் தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்திலோ கல்லூரி அரங்கிலோ செஸ் போட்டி நடந்துகொண்டிருக்கும். வரிசையாக மேசைகள், ஒவ்வொரு மேசையிலும் எண் எழுதிய அட்டை, பலகை, கடிகாரம். எட்டு வயதுச் சிறுமிக்கு எதிரே தாத்தா வயதுக்காரர் உட்கார்ந்திருப்பார். வெளியே பெற்றோர்கள் சாப்பாட்டுப் பையோடு காத்திருப்பார்கள். தொலைக்காட்சி கேமரா எதுவும் வராது. கிராண்ட்மாஸ்டர்களும் இருக்க மாட்டார்கள். ஏனென்றால் இது '1600-க்குக் கீழ்' போட்டி. சர்வதேச ரேட்டிங் 1600-ஐத் தொடாதவர்களும், ரேட்டிங்கே இல்லாத புதியவர்களும் மட்டுமே ஆடலாம்.

செஸ் என்றதும் நமக்கு விஸ்வநாதன் ஆனந்த் நினைவுக்கு வருகிறார். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் 18 வயதில் உலக சாம்பியன் ஆன குகேஷ் நினைவுக்கு வருகிறார். ஆனால் ஒரு விளையாட்டு ஒரு சமூகத்துக்குள் நுழைவது சாம்பியன்கள் வழியாக அல்ல, இந்த மாதிரி வார இறுதிப் போட்டிகளின் கடைசி வரிசை மேசைகள் வழியாகத்தான். அந்த மேசைகளில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் உட்காருகிறார்கள் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

எண் எப்படிக் கிடைக்கிறது?

உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே 1924-ல் பாரிஸில் தொடங்கப்பட்டது. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் அதுதான் ரேட்டிங் கொடுக்கிறது. 2024 மார்ச் 1 முதல் ரேட்டிங் பட்டியலின் அடிமட்டம் 1400. அதற்கு முன் 1000-ஆக இருந்தது. முதல் ரேட்டிங் பெற, ஏற்கெனவே ரேட்டிங் உள்ளவர்களுடன் குறைந்தது 5 ஆட்டங்கள் ஆடியிருக்க வேண்டும். கணக்குப் போட்டால் 1400-ஆவது வரவேண்டும். அந்த 5 ஆட்டங்களும் ஒரே போட்டியில் முடிய வேண்டியதில்லை. 26 மாதங்களுக்குள் வெவ்வேறு போட்டிகளில் ஆடியவற்றையும் சேர்த்துக்கொள்வார்கள். ஆண்டுக்கு ஒன்றிரண்டு போட்டிக்கு மட்டுமே பணம் புரட்ட முடிகிற குடும்பத்துக்கு இந்த விதி முக்கியமானது.

ரேட்டிங் வந்த பிறகு கணக்கு இன்னும் சுவாரசியமானது. 1400 ரேட்டிங் உள்ள ஒன்பதாம் வகுப்பு மாணவி, 1580 ரேட்டிங் உள்ள ஒரு வங்கி அதிகாரியை வெல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி 180 புள்ளி. ஃபிடே அட்டவணைப்படி இந்த ஆட்டத்தில் அவளிடம் எதிர்பார்க்கப்படுவது 0.26 புள்ளிதான். ஆனால் அவள் எடுத்ததோ முழுப் புள்ளி. மீதி 0.74-ஐ 40-ஆல் பெருக்கினால் 29.6. அவ்வளவு ரேட்டிங் ஒரே ஆட்டத்தில் ஏறும். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும், முதல் 30 ஆட்டங்களை முடிக்காத புதியவர்களுக்கும் பெருக்கும் எண் 40. பல காலம் ஆடிய பெரியவருக்கு அது 20. அதனால் அவர் இழப்பது 14.8 மட்டுமே. வளரும் பிள்ளை வேகமாக ஏறட்டும் என்பதற்காகவே விதி அப்படி எழுதப்பட்டிருக்கிறது.

இந்தக் கணக்கில் சிபாரிசுக்கு இடமில்லை. இவர் யார் வீட்டுப் பிள்ளை என்று அட்டவணை கேட்பதில்லை. போட்டிகள் நடக்கும் சுவிஸ் முறையும் அப்படித்தான். 1895-ல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் முதன்முதலில் பயன்படுத்தப்பட்ட முறை அது. தோற்றவரை வெளியே அனுப்புவதில்லை. வென்றவருக்கு வென்றவரும், தோற்றவருக்குத் தோற்றவரும் எதிராளியாக வருவார்கள். முதல் சுற்றில் தோற்ற பிள்ளையும் கடைசிச் சுற்று வரை ஆடிவிட்டுத்தான் வீடு திரும்பும்.

கைகுலுக்கும் விளையாட்டு

ஆட்டம் தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் இருவரும் கைகுலுக்குவது செஸ் உலகின் வழக்கம். எதிராளி நீட்டிய கையை வேண்டுமென்றே மறுப்பவர் ஆட்டத்தை இழப்பார் என்று ஃபிடே 2007-ல் முடிவெடுத்தது. அடுத்த ஆண்டே நெதர்லாந்தின் வைக் ஆன் ஸீ போட்டியில் அது சோதனைக்கு வந்தது. இங்கிலாந்தின் நைஜல் ஷார்ட் நீட்டிய கையை பல்கேரியாவின் இவான் செபரினோவ் ஏற்கவில்லை. நடுவர் ஆட்டத்தை ஷார்ட்டுக்குக் கொடுத்தார். மேல்முறையீட்டில் ஆட்டத்தை மறுபடி ஆடச் சொன்னார்கள். அதிலும் ஷார்ட்தான் வென்றார்.

ஐரோப்பாவில் இது மரியாதைப் பிரச்சினை. நம் ஊரில் கை நீட்டுவதற்குப் பின்னால் இருப்பது வேறு வரலாறு. அரசியலமைப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. ஆனாலும் ஊருக்கும் சேரிக்கும் நடுவே சாலை பிரிகிற கிராமங்கள் இன்றும் இருக்கின்றன. அப்படிப்பட்ட கிராமத்திலிருந்து வரும் ஒரு சிறுவன், யாரென்றே தெரியாத ஒருவரோடு கைகுலுக்கி, ஒரே மேசையில் இரண்டு மணி நேரம் சமமாக உட்காருவது சாதாரண விஷயமல்ல. பள்ளியில் கையில் கட்டும் கயிற்றின் நிறத்தைப் பார்த்துச் சாதி தெரிந்துகொள்ளும் பழக்கம் பற்றி நீதிபதி சந்துரு குழு 2024-ல் அரசுக்கு அறிக்கை கொடுத்த மாநிலம் இது. செஸ் மண்டபத்தில் பார்க்க வேண்டிய நிறம் கறுப்பும் வெள்ளையும் மட்டும்தான். அதுவும் சுற்றுக்குச் சுற்று மாறும்.

மண்டபச் சுவரில் ஒட்டும் ஜோடிப் பட்டியலில் பெயர், ரேட்டிங், புள்ளி இவைதாம் இருக்கும். தமிழ்நாட்டுப் பெயர்களில் இன்று சாதி ஒட்டு இருப்பதில்லை. 1929-ல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாட்டின் தீர்மானத்துக்கு இதில் பங்கு உண்டு. ஆனால் பட்டியலில் இல்லாததை மதிய இடைவேளையில் கேட்கிறவர்கள் உண்டு. 'எந்த ஊர்? ஊரில் எந்தப் பக்கம்?' என்ற கேள்வியின் பொருள் நமக்குத் தெரியும். அந்தக் கேள்விக்குக் கூச்சப்படாமல் பதில் சொல்லவும், அடுத்த சுற்றில் அமைதியாக ஆடவும் பிள்ளைகளைப் பழக்குவதும் பயிற்சியின் ஒரு பகுதிதான்.

களத்தில் சமம், வெளியில்?

இந்தியக் கிரிக்கெட்டின் தொடக்க காலத்தில் பல்வங்கர் பாலு என்ற இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் இருந்தார். தோல் தொழில் செய்யும் தீண்டப்படாத சாதியில் பிறந்தவர். புனேயில் மைதானப் பணியாளராக இருந்தபோது ஆங்கிலேயர்களுக்குப் பந்து வீசிப் பழகினார். பிறகு இந்து அணியில் சேர்த்துக்கொண்டார்கள். களத்தில் அவர் தொட்ட பந்தை எல்லாரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் மட்டும் அவருக்குக் கூடாரத்துக்கு வெளியே, தூக்கி எறியும் மண் குவளையில் தேநீர். 1911-ல் இங்கிலாந்து சென்ற அகில இந்திய அணிக்காக 100-க்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை எடுத்த அவரை, இந்து அணி கடைசிவரை கேப்டன் ஆக்கவில்லை. அவருடைய தம்பி விட்டலுக்குத்தான் 1923-ல் அந்தப் பதவி கிடைத்தது. திறமை கதவைத் தட்டும். திறந்துவிட ஒரு போராட்டமும் வேண்டும் என்பதைத்தான் அந்தக் குடும்பத்தின் கதை காட்டுகிறது.

செஸ்ஸில் இதற்கு இணையான கதை அமெரிக்காவில் இருக்கிறது. ஜமைக்காவில் பிறந்து நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் வளர்ந்த மாரிஸ் ஆஷ்லி 1999-ல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அந்தப் பட்டத்தை எட்டிய முதல் கறுப்பின அமெரிக்கர் அவரே. அதற்கு முன்பே அவர் ஹார்லெம் பகுதிப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தார். 1991-ல் அந்த அணி பள்ளிகளுக்கான தேசியப் போட்டியில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டது. பள்ளியில் பலகை, வாரந்தோறும் வருகிற பயிற்சியாளர், போட்டிக்குப் போகப் பேருந்துக் காசு ஆகிய மூன்றும் கிடைத்தால் போதும், பிள்ளைகள் மற்றதைப் பார்த்துக்கொள்வார்கள்.

தடை எங்கே?

நாட்டின் கிராண்ட்மாஸ்டர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் தமிழ்நாட்டுக்காரர்கள். 1961-ல் நாட்டின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆன மானுவல் ஆரோன் காலத்திலிருந்து தொடரும் பெருமை இது. ஆனால் பயிற்சி மையங்கள் பெரும்பாலும் நகரத்தில்தான் இருக்கின்றன. கிராமத்துப் பிள்ளைக்கு முதல் தடை அறிவு அல்ல, செலவு.

வார இறுதி ரேட்டிங் போட்டிகளின் நுழைவுக் கட்டணம் பல இடங்களில் ஆயிரம் ரூபாயைத் தொடுகிறது. 2025-26-ல் தமிழ்நாட்டுக்கு நிர்ணயிக்கப்பட்ட நூறு நாள் வேலைக் கூலி 336 ரூபாய். அப்படியென்றால் ஒரு கட்டணத்துக்கே மூன்று நாள் கூலி போய்விடுகிறது. பேருந்துச் செலவு, இரவு தங்கும் செலவு, துணைக்கு வரும் அப்பாவோ அம்மாவோ இழக்கும் இரண்டு நாள் வேலை எல்லாம் தனி. வெளியில் தெரியாத இந்தச் செலவுதான் நம் பிள்ளைகளை மண்டபத்துக்கு வெளியே நிறுத்துகிறது. பதிவுப் படிவத்தில் சாதிக்கு இடமில்லை என்பது உண்மைதான். படிவத்தை நிரப்பும் நிலையில் யார் இருக்கிறார் என்பதில் சாதிக்கு இடமிருக்கிறது.

2022-ல் மாமல்லபுரத்தில் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது அரசுப் பள்ளிகளில் போட்டிகள் நடத்தினார்கள். 'தம்பி' சின்னம் ஊர் ஊராக வந்தது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அப்போதுதான் முதன்முதலாகக் காய்களைத் தொட்டார்கள். அந்த ஆர்வம் அணையாமல் இருக்க வேண்டுமானால் கீழ்க்கண்டவை நடக்க வேண்டும்.

மாநிலத்தில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் மட்டும் ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. விடுதிகள் தனி, அவற்றுக்கு 2025-ல் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் மாற்றம் அறிவிக்கப்பட்டது. பெயரோடு ஒவ்வொரு விடுதிக்கும் பத்து செஸ் பலகைகளும் இரண்டு கடிகாரங்களும் வரட்டும். சுருட்டி வைக்கும் பலகையும் காய்களும் சில நூறு ரூபாய்தான்.

போட்டி நடத்துபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பெரிய ஓபன் போட்டிகளில் கிராண்ட்மாஸ்டர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்குவதில்லை. அவர்களுக்குக் காட்டும் சலுகையை, விடுதி மாணவர்கள் பத்துப் பேருக்கு ஒவ்வொரு வார இறுதியிலும் காட்டினால் போட்டிக்கு நட்டம் வந்துவிடாது.

நம் இளைஞர் மன்றங்களுக்கும் வேலை இருக்கிறது. அம்பேத்கர் பிறந்தநாளுக்கும் பொங்கலுக்கும் கபடி, கைப்பந்து, கிரிக்கெட் போட்டிகள் நடத்துகிறோம். அந்தப் பந்தலிலேயே ஒரு மூலையில் எட்டுப் பலகை போடலாம். இரவுப் பாடசாலை நடக்கும் ஊர்களில் வாரம் ஒரு நாள் செஸ்ஸுக்கு ஒதுக்கலாம். வசூலில் ஒரு பங்கை இரண்டு பிள்ளைகளின் நுழைவுக் கட்டணத்துக்கு எடுத்து வைக்கலாம்.

முதல் போட்டிக்குப் போகும் மாணவர்களுக்கு

வீட்டில் நன்றாக ஆடுகிற பிள்ளை மண்டபத்தில் தோற்பது பெரும்பாலும் விதி தெரியாமல்தான். இவற்றை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட வேண்டிய முறை உங்களுடையதாக இருக்கும்போது ஒரு காயை வேண்டுமென்றே தொட்டால் அதைத்தான் நகர்த்த வேண்டும். எதிராளியின் காயைத் தொட்டால், முடியுமானால் அதை வெட்ட வேண்டும். காயை நகர்த்திய அதே கையால்தான் கடிகாரத்தை அழுத்த வேண்டும்.

நீண்ட நேர ஆட்டத்தில் இருவரின் நகர்வுகளையும் தாளில் எழுத வேண்டும். நகர்த்திய பிறகுதான் எழுத வேண்டும், முன்பே எழுதக் கூடாது. a முதல் h வரையும் 1 முதல் 8 வரையும் கட்டங்களைப் படிக்க ஒரு மாலை போதும்.

விதிக்குப் புறம்பாக நகர்த்தினால் முதல் முறை எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகக் கொடுப்பார்கள். இரண்டாம் முறை ஆட்டமே போய்விடும். எதிராளி தவறு செய்தால் அவரோடு வாக்குவாதம் வேண்டாம். கடிகாரத்தை நிறுத்தி, கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிடுங்கள். அது உங்கள் உரிமை. எதிரே இருப்பவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் சரி.

ஆட்ட நேரத்தில் கைபேசியை உடன் வைத்திருப்பது தெரிந்தாலே தோல்வி. அதை வெளியில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

எத்தனை நிமிடம் தாமதமாக வரலாம் என்பது அறிவிப்பில் இருக்கும். முதல் பேருந்து சரியான நேரத்துக்கு வந்து சேராது என்று தெரிந்தால், முதல் சுற்றுக்கு அரைப் புள்ளி 'பை' உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். அமைப்பாளர்கள் அனுமதித்தால் ஆடாமலே அரைப் புள்ளி கிடைக்கும்.

பரிசுப் பட்டியலையும் கவனமாகப் படியுங்கள். முதல் பத்து இடங்களோடு, வயதுப் பிரிவு, சிறந்த பெண், ரேட்டிங் இல்லாதவர்களில் சிறந்தவர், அந்த மாவட்டத்தின் சிறந்தவர் என்று தனிப் பரிசுகள் பல போட்டிகளில் உண்டு. புதியவர்கள் முதலில் குறிவைக்க வேண்டியவை இவைதாம்.

பயிற்சிக்குப் பணம் இல்லையே என்று நிற்க வேண்டாம். லிசெஸ் என்ற இணையதளம் முழுக்க இலவசம், விளம்பரமும் இல்லை. புதிர்கள், பாடங்கள், ஆடிய ஆட்டத்தின் தவறுகளைக் காட்டும் வசதி எல்லாம் அதில் இருக்கின்றன. வீட்டில் ஒரே கைபேசி என்றால் நாளைக்கு அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள். அண்ணனும் தங்கையும் ஒரே பலகையில் சேர்ந்து புதிர் போடுங்கள். பெண்பிள்ளைகளை 'உனக்கு எதற்கு' என்று ஒதுக்காதீர்கள். தமிழ்நாட்டின் வைஷாலியும் அவருடைய தம்பி பிரக்ஞானந்தாவும் இருவருமே கிராண்ட்மாஸ்டர்கள்; அக்காவைப் பார்த்துத்தான் தம்பி ஆட வந்தார்.

எல்லாப் பிள்ளையும் கிராண்ட்மாஸ்டர் ஆக வேண்டியதில்லை. 1450 ரேட்டிங்கோடு நின்றுவிட்டாலும், உலகப் பட்டியலில் தன் பெயருக்கு எதிரே தானே சம்பாதித்த ஓர் எண் இருக்கிறது என்பது ஒரு பிள்ளையின் முதுகை நிமிர்த்தும். அந்த எண்ணை யாரும் தானமாகக் கொடுப்பதில்லை, சாதியைச் சொல்லிப் பறிக்கவும் முடியாது. அதைச் சம்பாதிக்க ஒரு நாற்காலி வேண்டும். உங்கள் மாவட்டத்தில் அடுத்த '1600-க்குக் கீழ்' போட்டி எப்போது என்று மாவட்ட செஸ் கழகத்திடம் இந்த வாரமே கேளுங்கள். ஊரிலிருந்து இரண்டு பேரையாவது அனுப்புங்கள்.