மஞ்சளுக்கு மலேரியா பயப்படுமா?

வேலூர், ஆம்பூர் பக்கத்து வாசகர்களிடம் 'பட்டை' என்றால் ஆவாரம்பட்டைதான் ஞாபகத்துக்கு வரும். தோல் ஷாப்புத் தொட்டிகளில் அந்தக் காலத்தில் அதைத்தான் ஊறப் போட்டார்கள். வைத்திய உலகில் கீர்த்தி பெற்ற பட்டை வேறொன்று: சிங்கோனா. மலேரியா ஜுரத்துக்குக் கொயினா தந்த அந்த மரத்தை 1860க்குப் பிறகு நீலகிரியில் பயிரிட்டார்கள். நடுவட்டத்தில் கொயினாத் தொழிற்சாலையே நடந்தது.

கொயினாவுக்குப் பின் குளோரோகுயின் வந்தது. கிருமிகள் நாளடைவில் அதற்கும் பழகிக்கொண்டன! பிறகு சீனாவில் து யூயூ என்ற பெண்மணியும் அவருடைய குழுவினரும், நம் மாசிப்பத்திரிக்கு உறவான ஒரு செடியிலிருந்து 1972ல் ஆர்ட்டிமிசினின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். 2015ல் அந்த அம்மையாருக்கு நோபல் பரிசு கிடைத்தது. செடி விளைந்தால்தான் மருந்து என்பதுகூட இப்போது இல்லை. 2006ல் கலிபோர்னியாவில் ஜே கீஸ்லிங் குழுவினர், ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்ட்டுக்குள் அந்தச் செடியின் மரபணுக்களைப் புகுத்தினார்கள். சர்க்கரையைத் தின்றுவிட்டு ஈஸ்ட் மருந்தின் மூலப்பொருளைச் செய்து கொடுத்தது!

இந்த மருந்திலும் ஒரு சங்கடம். கிருமிகளை மளமளவென்று கொல்லும்; ஆனால் உடம்பில் வெகு நேரம் தங்காது. தப்பிப் பிழைத்த நாலு கிருமிகள் மறுபடி பெருகினால் ஜுரம் திரும்பிவிடும். ஆகையால் கூடவே ஒரு துணை மருந்து வேண்டும்.

அந்தத் துணையை நம் அடுக்களைச் சரக்கில் தேடினார் ஜி. பத்மநாபன். சென்னையில் பிறந்தவர், 1994 முதல் 1998 வரை பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் டைரக்டர். ஆம்பூரில் ரயில் ஏறினால் சில மணி நேரத்தில் போய்ச் சேரும் ஊர்தான்.

மஞ்சளுக்கு நிறம் கொடுக்கும் குர்க்குமினை, மலேரியா கண்ட சுண்டெலிகளுக்கு அவருடைய குழுவினர் புகட்டினார்கள். ரத்தத்தில் கிருமிகள் 80 முதல் 90 சதவிகிதம் வரை குறைந்தன. இது 2005ல் வெளியான செய்தி. அடுத்த வருஷம் வெளியானது இன்னும் சுவாரசியமானது. ஆர்ட்டிமிசினின் வகையைச் சேர்ந்த ஆர்ட்டீதரை ஒரே ஒரு ஊசி. பிறகு வாய்வழியாக மூன்று வேளை குர்க்குமின். ஊசி மட்டும் போட்டால் நோய் திரும்பி வந்தது. இரண்டும் சேர்ந்தபோது அநேகமாக எல்லா எலிகளும் பிழைத்துக்கொண்டன! குர்க்குமின் கிருமியைத் தாக்குவதோடு உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் தட்டி எழுப்புகிறது என்று 2012ல் அதே குழுவினர் எழுதினார்கள்.

இதைப் படித்ததும் மஞ்சள் டப்பாவை எடுக்க ஓடாதீர்கள்! எலிக்கு வந்தது எலி மலேரியா. மனிதனைப் பிடிக்கும் கிருமி வேறு. அந்தக் கிருமியைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்தும் இரண்டு மருந்துகளையும் சோதித்தார்கள், பலித்தது. ஆனால் பாத்திரம் மனித உடம்பாகுமா? மேலும் 100 கிராம் மஞ்சளில் குர்க்குமின் சுமார் 3 கிராம்தான். விழுங்கினாலும் ரத்தத்தில் சேருவது சொற்பம். அரசாங்கத்தின் மலேரியா சிகிச்சையில் மஞ்சளுக்கு இடமில்லை.

என்றாலும் இந்த ஆராய்ச்சியை வேடிக்கை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. கம்போடியாவின் மேற்குப் பகுதியில் ஆர்ட்டிமிசினினுக்கும் கிருமிகள் மசிய மறுப்பதை 2008, 2009 வாக்கிலேயே டாக்டர்கள் கண்டுவிட்டார்கள். அடுத்த துணைக்கு ஆள் தேடும் வேலை அவசரமானது.

உங்கள் வீட்டில் யாருக்காவது குளிர்ஜுரம் கண்டால், வேலூர் கிறிஸ்தவ ஆஸ்பத்திரியோ, பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியோ, அன்றைக்கே போய் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் கொடுத்துச் சோதித்துவிடுங்கள். எந்த வகைக் கிருமி என்று தெரிந்த பிறகுதான் எந்த மாத்திரை, எத்தனை நாள் என்று டாக்டர் தீர்மானிக்க முடியும்.